கம்பி கறுத்த இரண்டாம் நாள்

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் ‘கம்பி’. வாடகைக் கார் ஓட்டுகிறவர். தினமும் காலையில் பானெட்டைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை எஞ்சினிலிருந்து உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, மறுபடி செருகி உருவிக் கண்ணருகே தூக்கிப் பிடிப்பார். மூக்குக் கண்ணாடி இல்லாமல் பத்திரிகைத் தலைப்பைக்கூடப் படிக்க முடியாதவர், எண்ணெய் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதை மட்டும் கண்ணாடி இல்லாமலே சொல்லிவிடுவார். துணிக்குப் பஞ்சமில்லை. மனைவி வீட்டு முன்னறையில் சலவைக் கடை நடத்துகிறார்.

கார் பழைய டீசல் வண்டி. மூன்று லட்சத்து எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. காலை ஆறு மணிக்கு நான்கு நர்சுகளை ஏற்றிவரக் கிளம்பும்போது, தகர டப்பாவுக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போல முதல் இரண்டு நிமிடம் கத்தும். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு அலாரம் தேவைப்பட்டதே இல்லை.

சத்தத்துக்கு வைத்தியம் சொன்னவர் மெக்கானிக். கம்பியின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. பத்தொன்பது வருடமாக அந்த எஞ்சினில் வேறு கை பட்டதில்லை.

“மாமா, இந்தத் தடவ சிந்தடிக் எண்ணெய் ஊத்திடலாம். குளிர்லயும் சட்டுனு மேல ஏறும். சத்தம் அடங்கும்.”

கம்பி இதை வீட்டில் வந்து சொன்னார். மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“சிந்தடிக்கா? சூடு பட்டா சுருண்டுக்குமே. எஞ்சின் சூட்டுக்குத் தாங்குமா?”

மறுநாள் இந்தக் கேள்வி அப்படியே பட்டறைக்குப் போனது. மைத்துனர் சிரித்து முடிக்கச் சற்று நேரமாயிற்று.

“அக்கா புடவையும் இதுவும் ஒண்ணா மாமா? இது சூடு தாங்கறதுக்குன்னே செஞ்சது. உள்ள இருக்கற கசடெல்லாம் கழுவிடும். ஒண்ணு மட்டும். கசடு அடைச்சிட்டிருந்த இடத்துல லேசாக் கசியலாம். அளவப் பாத்துக்குங்க.”

“அத எனக்கே சொல்றியா?”

‘கழுவிடும்’ என்ற சொல் கம்பிக்குப் பிடித்துப்போனது. கழுவினால் எண்ணெய் பளிச்சென்று இருக்கும் என்று அவராகவே மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டார். நாம் ஏமாறுவது பெரும்பாலும் இப்படி நாமே சேர்த்துக்கொள்ளும் மிச்சத்தில்தான்.

பழைய எண்ணெய் வடிந்தது, ஃபில்டர் மாறியது, புது டப்பா வந்தது. மூடியைத் திறந்தபோது உள்ளே தேன் நிறம். அந்த நேரம் பார்த்து ஒரு நர்சிடமிருந்து ஃபோன். பட்டறைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று கம்பி தெருவுக்குப் போனார். மூன்று நிமிடம். திரும்பி வந்தபோது டப்பா காலி.

இரண்டாம் நாள் காலை சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. எனக்கே விழிப்பு வரவில்லை. ஆனால் கம்பியைத் துடைத்த துணியில் மை போலக் கறுப்பு.

“உன் தம்பி பழச ஊத்திட்டு புதுச வேற வண்டிக்கு வச்சிக்கிட்டான்.”

“உங்க கண்ணால பாத்தீங்களா?”

“பாக்கல. அதுதான் விஷயமே.”

ஞாயிற்றுக்கிழமை தம்பி வழக்கம்போல அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தார். “வண்டி எப்படி மாமா?” என்றார்.

“ஓடுது. நான் வெளிய போன நேரத்துல எத ஊத்தின?”

பாதித் தட்டோடு தம்பி எழுந்து கை கழுவினார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. கம்பி, வண்டியை மெயின் ரோட்டுப் பட்டறைக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்.

“மாத்துங்க. உங்க சட்டையையும் அங்கயே இஸ்திரி போட்டுக்குங்க,” என்றார் மனைவி.

திங்கட்கிழமை புதுத் துணி கேட்டு உள்ளே போன கம்பி, நடைவழியில் இருந்த தொட்டியில் இடித்துக்கொண்டார். யாரோ கொடுத்த திரைச்சீலை ஊறிக்கொண்டிருந்தது.

“என்ன இது, தண்ணி தாரு மாதிரி? குழாய்ல இப்படியா வருது?”

“குழாய்ல சுத்தமாத்தான் வந்திச்சு. சீலைதான் ஏழு வருஷமா தண்ணியே பாக்கல. அழுக்கு எங்க போகும்? தண்ணிக்குத்தான வரணும்.”

கம்பி கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தார். பிறகு துணி வாங்காமலே வெளியே போனார். அந்தத் தொட்டி எதற்காக அன்று நடைவழியில் இருந்தது என்று நான் கேட்கவில்லை.

அவரைப் பெரிய மனிதர் என்று எழுத எனக்குத் தயக்கம். ஆனால் பட்டறைக்கு அவர் காரில் போகவில்லை, நடந்து போனார். அதைக் குறித்துவைக்கலாம்.

மைத்துனர் ஒரு வேனுக்கு அடியில் கிடந்தார். கால்கள் மட்டும் வெளியே. கம்பி கால்களிடம் பேசினார்.

“மாப்ள. திரைச்சீல கழுவற தண்ணியே கறுக்குது.”

அடியிலிருந்து குரல் வந்தது.

“டீசல் புகைக்கரி சேந்தா எந்த எண்ணெயும் ரெண்டு நாள்ல கறுத்துடும். பத்தொன்பது வருஷமாக் கம்பிய உருவறீங்களே மாமா, கறுக்காம ஒரு நாளாவது இருந்திருக்கா?”

“நான் கோட்டத்தான் பாப்பேன். நெறத்தப் பாத்ததில்ல.”

“என்னையும் அப்படித்தான் பாத்திருக்கீங்க.”

“தப்புதான்டா. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.”

எண்ணெய்க் கை ஒன்று வெளியே நீண்டது.

“பதிமூணு ஸ்பேனர எடுங்க.”

கம்பி பெட்டியைத் துழாவி, ஒன்றை அந்தக் கையில் பயபக்தியோடு வைத்தார். கை உள்ளே போனது. உடனே திரும்பி வந்தது.

“இது பதினாலு. ஞாயித்துக்கிழம வர்றப்ப நானே ஒரு கண்ணாடி வாங்கிட்டு வரேன் மாமா.”