நான் நிரப்பிய பஸ்

கிள்ளானில் ஒரு வெளியூர் பஸ் கம்பெனியின் டிக்கெட் கவுண்டரில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். வடக்கே பேராக் மாநிலத்தில் உள்ள ஒரு சின்ன ஊருக்கு எங்கள் பஸ் தினமும் போய் வரும். அந்த ஊரில்தான் என் அக்கா தனியாக இருக்கிறாள். வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துபோனவள். பக்கத்து வீட்டு ஆன்டி சோறு கொண்டுவந்து வைப்பார். குளிப்பாட்டுவதும் துணி துவைப்பதும் ஞாயிற்றுக்கிழமை நான் போனால்தான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

எத்தனை பேர் ஏறினார்கள் என்று மாதக் கடைசியில், பஸ் ஓட்டப் பெர்மிட் கொடுக்கும் அலுவலகத்துக்கு எழுதி அனுப்புவது என் வேலை. கோவிட்டுக்குப் பிறகு பஸ்ஸில் ஆளே இல்லை. "இன்னைக்கு ஒம்பது பேரு லா, அதுலயும் ரெண்டு பேரு பாதி வழியில இறங்கிட்டாங்க" என்பார் டிரைவர் அண்ணன். நான் முப்பது என்று போடுவேன். காலி பஸ்ஸுக்கு எதற்குப் பெர்மிட் என்று பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம். முதலாளியும் பார்த்துவிட்டுப் பேசாமல் கையெழுத்துப் போடுவார். பெரிய சாமர்த்தியம் செய்வதாக எனக்கு நினைப்பு வேறு.

ஒருநாள் அரசாங்கம் அறிவித்தது: ஆள் குறைந்த தடங்களில் ஓடும் வெளியூர் பஸ்களுக்கு உதவி. அன்றைக்கு முதலாளி எல்லோருக்கும் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார். மனு போட்டோம். அரசாங்கத் தலைமையகம் இருக்கும் புத்ராஜெயாவிலிருந்து கூப்பிட்டார்கள், அவரோடு நானும் போனேன்.

அதிகாரி ஒரு மலாய்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினாள். மாதாமாதம் நான் எழுதி அனுப்பிய எண்கள். "காக், உங்க பஸ் நல்லாத்தானே ஓடுது. இந்த உதவி ஆளில்லாத பஸ்ஸுக்கு" என்று மலாயில், அக்கா என்று கூப்பிட்டு மரியாதையாகத்தான் சொன்னாள்.

லிஃப்டில் முதலாளியிடம், "உண்மையச் சொல்லிடுவோம் அண்ணே" என்றேன்.

"சொன்னா, இத்தன வருஷம் பொய் எழுதுனதுக்குக் கேஸ் போடுவாங்க. நீ சும்மா இரும்மா."

திட்டியிருந்தாலாவது தேவலை. வீடு வந்து சேரும்வரை மனுஷன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மூன்றே மாதத்தில் அந்தத் தடத்தை நிறுத்தினார். ரயிலில் போயேன் என்கிறார்கள் விவரம் தெரியாதவர்கள். ரயில் நிற்கிற ஊரிலிருந்து அக்கா வீட்டுக்குப் போக வண்டி ஏதும் கிடையாது. அவளை இங்கே கூட்டி வரலாம் என்றால் என் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. எழுதிய என் கையை நானே உடைத்துப் போட்டால் என்ன என்றிருந்தது.

பஸ் ஓடிய கடைசி ஞாயிறு போய் விஷயத்தைச் சொன்னேன். நான்தான் கெடுத்தேன் என்று சொல்லி அழுதேன். குளிப்பாட்டி, தலை துவட்டும்போது அக்கா சொன்னாள்.

"கத்தரிக்கோல எடுத்துட்டு வா."

"எதுக்குக்கா?"

"இம்புட்டு முடிய இனி யாரு அலசுவா? ஒட்ட வெட்டிடு."

இடுப்பு வரை வளர்ந்த முடி. படுக்கையில் விழுந்த பிறகும் அதை ஆசையாகத் தடவிக்கொள்வாள். நான் மறுத்திருக்க வேண்டும். வெட்டினேன். தரையில் கிடந்ததைக் கூட்டி அள்ளக்கூட நேரமில்லாமல் அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை.