முந்நூற்று அறுபத்தைந்தாவது தட்டு

எதையும் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு எட்டாம் வகுப்பிலேயே உண்டு. ஆகவே இந்தச் சம்பவத்தில் எண்களைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றதில்தான் தவறிவிட்டேன்.

அப்போது போளூரில் விடுதியில் தங்கிப் படித்தேன். பள்ளிக் கண்காட்சியில் எனக்குக் கொடுத்தது ஒரு கணினியும் ஒரு மென்பொருளும். திரையில் சூரியன், பூமி. ஈர்ப்புவிசையைக் கணக்கிட்டு அது பூமியை நகர்த்தும். பொத்தானை ஒருமுறை தட்டினால் ஒரு நாள் போகும். ‘365 தட்டுகளில் பூமி புறப்பட்ட இடத்துக்கே வரும்’ என்று அட்டையில் எழுதி ஒட்டியிருந்தேன்.

மலையிலிருந்து மண்டிக்குப் புளி இறக்க வந்த அப்பா, நேராக அங்கே வந்தார். எங்கள் ஊரில் மூட்டைகளை எண்ணுகிறவர் அவர்தான். மூட்டைக்கு ஒரு புளியங்கொட்டையாகச் சட்டையின் வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுவார். அவர் சொன்ன எண்ணிக்கையை மண்டிக்காரர்கள்கூட மறுபடி சரிபார்ப்பதில்லை.

“அத்தினி தபா தட்டணுமா? நூறு நூறு நாளா தாண்டிட்டா இன்னா?” என்றார்.

தட்டுக்கு நூறு நாள் என்று மாற்றிக் காட்டினேன். பூமி வட்டத்தை விட்டு எங்கோ ஓடிப்போனது.

அப்பா சிரித்தார். “மலை வளைவுல ஸ்டீரிங்க ஒரே தபா திருப்பிட்டு வுட்டா, வண்டி பள்ளத்துலதான் கெடக்கும். நீ ஒவ்வொரு நாளாவே போம்மா. நான் எண்றேன்.”

நடுவர் வந்ததும் தட்டத் தொடங்கினேன். பக்கத்தில் நின்ற அப்பாவின் பையில் கொட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியில் அவர், “முந்நூத்தி அறுவத்தஞ்சு” என்றார். நிறுத்தினேன். பூமி, புறப்பட்ட புள்ளிக்கு மயிரிழை முன்னாலேயே நின்றிருந்தது. திரையின் ஓரத்தில் பூமியின் இடத்தைக் காட்டும் எண்களும் பொருந்தவில்லை.

“ஏன் சேரல?” என்றார் நடுவர்.

“எங்கப்பா எண்ணுனதுல ஒண்ணு கூடிப்போச்சி சார்” என்றேன், யோசிக்காமல்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார். பிறகு, “இருக்கும் சார்” என்றார்.

“மத்தவங்க மறைச்சிருப்பாங்க. இந்தப் பொண்ணு உள்ளத உள்ளபடி சொல்லுது” என்று நடுவர் என் தோளைத் தட்டினார். எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அவ்வளவு பெருமையாக நான் அதற்குமுன் நடந்ததே இல்லை.

ஓர் ஆண்டு என்பது முந்நூற்று அறுபத்தைந்தேகால் நாள் என்பது பாடத்தில் படித்ததுதான். பூமி நின்ற இடம் சரி, மிச்சம் இருந்தது அந்தக் கால் நாள் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் உறைத்தது. அப்பாவின் எண்ணிக்கையில் பிசகே இல்லை. இன்று யாரிடமும் நான் பெருமையாகச் சொல்வது பரிசை அல்ல, அந்த எண்ணிக்கையை.

அன்று மாலை பேருந்து நிலையத்தில் அப்பா இடது பையைக் கவிழ்த்து, கொட்டைகளை மடியில் கொட்டி, நிதானமாக எண்ணினார். பக்கத்தில் நான் பரிசுக் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எண்ணி முடித்தவர் என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு, “நல்லா பண்ணம்மா” என்றார்.

எத்தனை வந்தது என்று அவர் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.