முதலில் கவிழ், பிறகு திருப்பு

மூன்றை ஐந்தால் பெருக்கினாலும் ஐந்தை மூன்றால் பெருக்கினாலும் பதினைந்துதான். அப்படியிருக்க, எண்களைக் கட்டமாக அடுக்கிய இரண்டு அணிகளை முன்பின் மாற்றிப் பெருக்கினால் மட்டும் விடை ஏன் மாற வேண்டும்? பெட்டியக்காவுக்கு முதலில் பதில் தெரியவில்லை.

மருந்துக் கிடங்கில் பதினெட்டு வருடமாகப் பெட்டி அடுக்குகிறவள் என்பதால் அந்தப் பெயர். நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது: குவாண்டம் இயக்கவியல் படிக்க வேண்டும். மாலைக் கல்லூரியில் இடம் இருந்தது. ஆனால் அதற்கு முன் கணக்குத் தேர்வில் தேற வேண்டும். கலப்பெண்கள், வகைக்கெழுச் சமன்பாடுகள், அணிகள். இரண்டே வாய்ப்பு. முதலாவது போய்விட்டது. அதுவும் எப்படி! அணிக் கணக்கில் முன்பின் மாற்றிப் பெருக்கியபோது இரண்டு விடையும் வேறு வேறாக வந்தன. கை தவறிவிட்டது என்று நினைத்து, இரண்டாவதை அடித்துவிட்டு முதலாவதையே மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"என்ன விஞ்ஞானி, அணுவைப் பிளந்தாச்சா? அப்படியே இந்த வெங்காயத்தையும் பிளந்துடேன்" என்றார் பேருந்து ஓட்டும் கணவர்.

"நீங்களே பிளங்க. சனிக்கிழமை எனக்குக் கடைசி வாய்ப்பு."

"கணக்கு உனக்கு, கண்ணீர் எனக்கா?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே நறுக்கினார்.

வியாழக்கிழமை கிடங்கில் பெட்டிகளை நகர்த்தும் பெல்ட் திடீரென்று நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டிகள் மேலே சீட்டு ஒட்டி வரும். நம் பக்கம் கவிழ்த்து, பிறகு வலம் சுற்றுவதுபோல் கால் சுற்றுத் திருப்பினால், சீட்டு இடப்பக்கத்தில் அதைப் படிக்கும் இயந்திரக் கண்ணுக்கு நேராக நிற்கும். புதிதாகச் சேர்ந்த பெண் முதலில் திருப்பிவிட்டுப் பிறகு கவிழ்த்திருந்தாள்.

"ரெண்டு வேலையும் செஞ்சேனேக்கா!"

"செஞ்சடி! பின்னாடி செய்யறதை முன்னாடி செஞ்சா சீட்டு உன் மூஞ்சியைத்தானே பார்க்கும்? கவிழ்த்திட்டு அப்புறமா..."

அக்கா பெட்டியை இன்னொரு முறை கவிழ்த்துத் திருப்பிப் பார்த்தாள். அதே இரண்டு வேலை. வரிசை மாறினால் முடிவு வேறு. பதினெட்டு வருடமாகக் கைக்குத் தெரிந்தது, தலைக்கு இப்போதுதான் எட்டியது!

"அய்யோ, பரீட்சையில நான் அடிச்சது சரியான விடைடி!"

"பெல்ட் ஏன் நிக்குது?" என்று மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

"பெல்ட் நின்னா என்ன சார், எனக்கு இப்பதான் ஓடுது!"

சனிக்கிழமை, எழுத்துத் தேர்வு முடிந்ததும் வாய்மொழித் தேர்வு. பேராசிரியை அவள் தாளைப் பார்த்தார். இரண்டு பெருக்கல், இரண்டு விடை. அடிக்கப் பேனா துறுதுறுத்தும் அடிக்கவில்லை அவள்.

"ஏம்மா மாறுது?"

மேசைமேலிருந்த சுண்ணாம்புக்கட்டிப் பெட்டியை எடுத்தாள். "ஒவ்வொரு அணியும் ஒரு வேலை மேடம். இது கவிழ்க்கிறது. இது திருப்புறது." இரண்டு வரிசையிலும் செய்து காட்டினாள். பேராசிரியை தானும் வாங்கிக் கவிழ்த்தார். மூடி திறந்து கட்டிகள் எல்லாம் தரையில் உருண்டன.

இருவரும் குனிந்து பொறுக்கும்போது பேராசிரியை சிரித்தார். "குவாண்டத்துக்கு இதுதான் வாசப்படி. அங்கேயும் எதை முதல்ல அளக்கிறோம்கிறதைப் பொறுத்துப் பதில் மாறலாம். திங்கட்கிழமை வகுப்புக்கு வந்துடுங்க."

அக்கா படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள்.

தனக்குக் கணக்கு வராது என்று சொல்லிக்கொண்டிருக்கும் யாரையாவது பார்த்தால், பெட்டியக்காவின் கதையைச் சொல்லுங்கள். கையில் ஒரு பெட்டியையும் கொடுத்துச் சொல்லுங்கள். மூடியை மட்டும் முதலில் இறுக்கிவிடுங்கள்.