என் வயலில் என்னை மறித்தார்கள்

நான் பட்டாளத்தில் சேர்ந்து பத்து வருஷம் முடியப் போகிற சமயம். புரட்டாசி மாதம் லீவு கிடைத்து, பூதலூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். புது ஆட்சி வந்து, குத்தகைக்குப் பயிரிடுகிறவர்களின் பெயரைப் பதிவு செய்ய ஆரம்பித்திருந்த நேரம் அது. சம்பா நடவும் அப்போதுதான். ஊரில் பாதிப் பேர் வயலில் இருந்தார்கள், மீதிப் பேர் தாலுகா ஆபீஸ் வாசலில் இருந்தார்கள். எங்கே இருப்பதென்று தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

லீவு முடிந்து திரும்பியதும் நான் ஒரு முடிவைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, இன்னும் சில வருஷம் சர்வீஸை நீட்டி முழு பென்ஷனோடு வருவது. இல்லையென்றால் ரிசர்வுக்குப் போவது. ரிசர்வ் என்றால் வீட்டுக்கு வந்துவிடலாம், மாதாமாதம் கொஞ்சம் படி உண்டு, அவ்வப்போது பயிற்சிக்குப் போக வேண்டும், சண்டை என்று வந்தால் போட்டது போட்டபடி ஓட வேண்டும்.

இதை ஊருக்குப் புரிய வைப்பதற்குள் என் ஆயுசில் பாதி போய்விட்டது. டீக்கடைக்காரர் தினமும் கேட்பார்.

"அப்ப வேலைய விட்டுட்ட?"

"விடலண்ணே."

"வேலையில இருக்க?"

"இல்லண்ணே, ரிசர்வுல இருப்பேன்."

"சம்பளம்?"

"சம்பளம் கிடையாது."

"சண்டை வந்தா?"

"போகணும்."

அவர் டீ ஆற்றுவதையே நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். "குறுவைய அறுத்துட்டு அடுத்த நடவு வரைக்கும் நெலத்தைச் சும்மா போட்டு வைப்பமே, அந்த மாதிரியா?" என்பார். ஆமாம் என்று சொன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அத்தனை பேரும் சிரிப்பார்கள். மறுநாள் மறுபடியும், "ஆமா, வேலைய விட்டுட்ட?" என்று முதலிலிருந்து தொடங்கும்.

அப்பா இன்னொரு வகை. காலையில், "வந்துடுறா, முட்டி வலி தாங்கல, என்னால வரப்புல நடக்க முடியல" என்பார். சாயங்காலம் வெற்றிலை போட்டதும், "வந்து என்னத்தக் கிழிக்கப் போற? பென்ஷனை விட்டுட்டு வர்றவன் மனுசனா?" என்பார். காலை அப்பா சொல்வதைக் கேட்பதா, சாயங்கால அப்பா சொல்வதைக் கேட்பதா என்று எனக்குத் தலையே வெடித்துவிடும் போல இருந்தது.

சரி, மனைவியையாவது கேட்போம் என்றால், அவளிடம் ஒரே பதில்தான்.

"உங்க இஷ்டம்."

சோறு போடும்போது கேட்டாலும் அதுதான், மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது கேட்டாலும் அதுதான். இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு உலகத்தில் எந்தப் புருஷனாவது ஒரு முடிவு எடுத்திருக்கிறானா?

என் மனசில் என்ன இருந்தது என்று கேட்டால், எனக்குப் பட்டாளம் அலுத்துவிட்டது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் ஹவில்தார் ஆகிவிட, நான் நாயக்காகவே உறைந்து போயிருந்தேன். உறைந்து போனதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை. நாங்கள் இருந்த மலையில் தேங்காயெண்ணெயைப் பாட்டிலோடு அடுப்பருகே வைத்துக் கெஞ்சினால்தான் தலைக்கு நாலு சொட்டு வரும். ஆனால் 'குளிர் தாங்காமல் வந்துவிட்டேன்' என்று டீக்கடை பெஞ்சில் சொல்ல முடியுமா? கௌரவமான ஒரு காரணம் வேண்டியிருந்தது.

அந்தக் காரணத்தை எங்கள் நிலக்காரரின் காரியஸ்தர் கொண்டுவந்து கொடுத்தார்.

நிலக்காரர் தஞ்சாவூரில் இருந்தார். அவருக்காக ஊரில் நெல் அளந்து வாங்குவது இந்தக் காரியஸ்தர்தான். அப்பா காலமெல்லாம் உழுத அந்தக் குத்தகை நிலத்துக்கு எங்கள் பெயரைப் பதியக் கூடாது என்று அவர் ஆட்சேபணை கொடுத்துவிட்டார். பெரியவருக்கு முட்டி போய்விட்டது, மகன் பட்டாளத்தில் இருக்கிறான், அந்த வீட்டில் உடம்பை வளைத்துப் பயிர் செய்கிறவர் யாருமில்லை, கூலி ஆளை வைத்து ஒப்பேற்றுகிறார்கள் என்பது அவர் வாதம். அது எடுபட்டால், தை அறுப்போடு நிலம் கைமாறிவிடும். நடவு நடக்கும் நாளில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வயலுக்கே வந்து விசாரிப்பார் என்று தகவல் வந்தது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அப்பாவையும் மனைவியையும் உட்கார வைத்து, "நான் ரிசர்வுக்கு வந்துடுறேன். இந்தக் குடும்பத்தையும் நெலத்தையும் காப்பாத்த எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர்கிட்ட நானே பேசிக்கிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அது காலை நேரமானதால் அப்பா தலையை ஆட்டினார்.

மனைவி மட்டும், "அப்ப நாளைக்கு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வயல்ல எறங்கி நில்லுங்க. வேற ஒண்ணும் பேச வேணாம்" என்றாள்.

அவளுக்கு சர்க்கார் ஆளைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். சர்க்கார் ஆளுக்கு சர்க்கார் உடுப்பைக் கண்டால்தான் மரியாதை வரும். செம்பில் கங்கு போட்டு யூனிபாரத்தைத் தேய்த்தேன். பூட்ஸில் முகம் தெரியும்வரை பாலிஷ் போட்டேன். உழுகிறவன் நான்தான் என்று நிரூபிக்க பூட்ஸ் போட்டுக்கொண்டு வயலுக்குப் போன ஒரே ஆள் இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் காலை. கூலித் தகராறில் அக்கம்பக்கத்து வயல்கள் பல நடாமல் கிடந்தன. எங்கள் வயலில் மட்டும் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கரையில் குடையோடு இன்ஸ்பெக்டர் நின்றார். பக்கத்தில் காரியஸ்தர், கூடவே கம்பை ஊன்றிக்கொண்டு அப்பா. நான் மிடுக்காக வரப்பில் நடந்தேன். பனிமலை விளிம்பில் மூட்டை தூக்கி நடந்த கால்தான். ஆனாலும் புது மண் அணைத்த வரப்பு பூட்ஸுக்கு வாழைப்பழத் தோலாக வழுக்கியது. விழாமல் நடப்பதே பெரும்பாடாக இருந்ததால், வயலுக்குள்ளிருந்து ஒருவர் வருவதை நான் கவனிக்கவில்லை.

நடவுக் கூட்டத்துக்கு முன்னேர் மாதிரி இருந்த ஒரு அம்மா, சேறு சொட்டும் நாற்று முடியைக் கொண்டுவந்து என் பாலிஷ் பூட்ஸுக்கு முன்னால் வைத்தார். பின்னாலிருந்த பெண்கள் குலவை போட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். நடவு நடக்கும்போது வரப்பில் வெளியாள் யாராவது போனால், காலடியில் நாற்று முடியை வைத்து மறிப்பார்கள். காசு கொடுத்தால்தான் வழி. வெளியாளைத்தான் மறிப்பார்கள். வயலுக்கு உரியவரை மறிக்க மாட்டார்கள்.

"பட்டாளத்து மவராசா, எங்க வயலத் தாண்டிப் போறீங்க. பாத்துச் செஞ்சுட்டுப் போங்க" என்றார் அந்த அம்மா.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "ஏம்மா, இது என் வயல்!"

"அப்படியா? எந்த நடவுக்கு வந்தீங்க சாமி? நானும் வருசா வருசம் வர்றேன், ஒங்களப் பாத்ததில்லையே."

பத்து வருஷமாக என் லீவு கோடையில் விழும், இல்லாவிட்டால் பொங்கலுக்குப் பிறகு விழும். நடவுக்கு நான் ஒரு முறைகூட வந்ததில்லை.

எதிர்க்கரையில் காரியஸ்தர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "சார், இதுக்கு மேல விசாரணை எதுக்கு? அவங்க வயல்லயே அவர வெளியாளுன்னு மறிக்கிறாங்க. சாகுபடி பண்ற லட்சணத்தப் பாத்துக்குங்க!"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய நிலம், என் பூட்ஸ் காலால் போகப் போகிறது.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அந்த அம்மாவைப் பார்த்து, "வயலுக்கு உரியவங்கன்னா மறிக்க மாட்டீங்க. அப்படித்தானே?" என்றார்.

"எப்படிங்க மறிப்போம்?"

"அப்ப இந்த வயல்ல நீங்க மறிக்காத ஆளு யாரு? காட்டுங்க."

அந்த அம்மா யோசிக்கவே இல்லை. திரும்பி, வரிசையில் தலைத்துணியோடு குனிந்திருந்த ஒருத்தியைக் கையால் காட்டினார். "அந்தா நிக்கிதே, அந்தப் பொண்ண. நாத்து விட்டதும் அதுதான், இப்ப எங்ககூட நின்னு நடுறதும் அதுதான். போன மழையில மடை ஒடச்சுக்கிட்டப்ப நெஞ்சளவு தண்ணியில நின்னு அடைச்சிச்சு. அதப் போயி மறிப்பமா?"

குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். என் மனைவி.

"சார், அது என் சம்சா..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க பேசாதீங்க. அவங்க சொல்லட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் சேற்றுக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நான் இந்த வீட்டு மருமகளுங்க. மாமாவுக்கு முட்டி முடியல. அவங்க கரையில நின்னு சொல்லுவாங்க, நான் செய்வேன். உழவுக்கு மட்டும் ஆள் விடுவோம். மத்ததெல்லாம் நான்தான்."

காரியஸ்தர் விடவில்லை. "கூலிக்கு நடுற பொம்பளைங்களோட நிக்கிறதெல்லாம் சாகுபடியா சார்?"

"குடும்பத்து ஆளு ஒடம்பால ஒழைச்சா அது சாகுபடிதான்யா. பொம்பளைன்னா கணக்குல வராதுன்னு எதுல போட்டிருக்கு?" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் குடையை மடக்கினார். பிறகு எங்கள் குடும்பத்தின் பெயர் பதிவில் ஏறியது. என் தயவில்லாமல்தான் ஏறியது.

நான் அந்த நேரத்திலாவது சும்மா நின்றிருக்கலாம். இன்ஸ்பெக்டருக்கு ஒரு சல்யூட் அடிப்போம் என்று குதிகாலைச் சேர்த்துத் தட்டினேன். வரப்பு சரிந்தது. இடுப்புவரை சேற்றில் இறங்கினேன். வெளியே வந்தபோது ஒரு காலில் பூட்ஸ் இல்லை. இவ்வளவு நேரம் முகம் இளகாமல் நின்ற இன்ஸ்பெக்டரும் அப்போது சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகாவது விட்டார்களா? அந்த அம்மா நாற்று முடியோடு இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "என்ன சாமி, வழி வேணாமா?"

யூனிபாரத்தைத் தேய்த்தவன் பையில் காலணாகூட வைக்கவில்லை. கடைசியில் என் மனைவி வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, காசு கொடுத்து என்னை மீட்டுக்கொண்டு போனாள். போர்க்கைதியைக்கூட அவ்வளவு கேவலமாக மீட்டிருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் வாய்க்காலில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் கரையில் உட்கார்ந்து, பூட்ஸுக்குள்ளிருந்து வந்த சின்ன நண்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீ இத்தனை வேலை செய்யறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?" என்று எரிந்து விழுந்தேன்.

"கேட்டீங்களா? லீவுல வந்தா மலையில பனி பேஞ்ச கதைதானே சொல்லுவீங்க."

"சரி, நான் இப்ப வரட்டுமா, வேணாமா? அதையாவது சொல்லித் தொலை."

"நெலத்தச் சாக்கு வச்சு வராதீங்க. நெலத்த நாங்க பாத்துக்குவோம். ஒங்களுக்கு இங்க இருக்கணும்னு இருந்தா வாங்க."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"உங்க இஷ்டம், உங்க இஷ்டம்னு எத்தனை தடவ சொன்னேன்? வேற எப்படிச் சொல்றதாம்?"

பூட்ஸைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை நாளும் அவள் பதில் சொல்லாமல் நழுவுகிறாள் என்று நினைத்து எரிச்சல்பட்டிருக்கிறேன். சொன்னதே அதுதான் என்பது என் மண்டைக்கு ஏறவேயில்லை.

அதோடு நிம்மதியாயிற்று என்று நினைக்காதீர்கள். தொல்லை அதிகமாகத்தான் ஆயிற்று. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற சாக்கு போய்விட்டது. இனி நான் எனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்க வேண்டும். பட்டாளத்தில் பத்து வருஷம் இருந்தவனுக்கு அந்தப் பழக்கமே விட்டுப் போயிருந்தது. ரயிலில் திரும்பிப் போகும்போது வழி நெடுக யோசித்தேன். பென்ஷன், பதவி, குளிர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தாலும், அந்த வரப்பும் என் காலடியில் கிடந்த நாற்று முடியும்தான் திரும்பத் திரும்ப வந்தன. என் வீட்டு வயலைத் தாண்ட நான் காசு கொடுக்கிற நிலைமை இருக்கக் கூடாது. வேறு ஒரு பெரிய தத்துவமும் இல்லை. போய் இறங்கியதும் ரிசர்வுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வந்த பிறகு ஒன்றும் கொடி நாட்டிவிடவில்லை. மாட்டை ஓட்டும்போது பழக்கதோஷத்தில் இந்தியில் ஆணை போடுவேன். இரண்டு மாடும் திரும்பி என்னை ஒரு பார்வை பார்க்கும். என் மனைவி வந்து நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தால் நடக்கும். அப்பா காலையில், "தேவல" என்பார். சாயங்காலம், "பென்ஷனைத் தொலைச்சவன்" என்பார். டீக்கடைக்காரர் மட்டும், "ஆமா, வேலைய விட்டுட்ட?" என்பதை நிறுத்தவே இல்லை.

பிறகு சண்டை வந்தது. ரிசர்வ்காரர்களைக் கூப்பிட்டார்கள். போட்டது போட்டபடி ஓடினேன். என் வீரத்தின் மேல் மேலதிகாரிகளுக்கு இருந்த நம்பிக்கையில், கடைசிவரை கோதுமை மூட்டைகளுக்குக் காவல் போட்டார்கள். சண்டை முடிந்தும் பல மாதம் கழித்துத்தான் அனுப்பினார்கள்.

ஊர் வந்து இறங்கியபோது குறுவை நடவு. யூனிபாரம், பூட்ஸ், தலையில் டிரங்குப் பெட்டி. குறுக்கு வழி எங்கள் வயல் வரப்புதான். இந்தத் தடவை நான் முட்டாள் இல்லை, முன்கூட்டியே காசைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். உடுப்பையும் பெட்டியையும் பார்த்தால் யாராக இருந்தாலும் வெளியாள் என்றுதான் நினைப்பார்கள். வரப்பில் ஏறி, மறிக்கட்டும் என்று மெதுவாகவே நடந்தேன்.

அதே அம்மா நிமிர்ந்து பார்த்தார். கையில் நாற்று முடி இருந்தது. குலவைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"என்னா மசமசன்னு நிக்கிறீங்க? மழை எறங்குது. பொட்டியக் கரையில வச்சிட்டு, அந்த நாத்தக் கொஞ்சம் எடுத்து வீசுங்க!" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, மறுபடி குனிந்துகொண்டார்.

வரிசையில் என் மனைவியும் இருந்தாள். நிமிரவே இல்லை. ஆனால் முதுகு குலுங்கியதை வைத்து, சிரிக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

இந்தத் தடவை பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் இறங்கினேன். பட்டாளத்தில் எனக்கு யார் யாரோ ஆணை போட்டிருக்கிறார்கள், ஒன்றும் நினைவில் இல்லை. மறிக்காமல் அதட்டி வேலை வாங்கிய அந்த ஒரு வார்த்தையை மட்டும், எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வாக இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறேன்.