பெற்றோல் குடிக்க மறுத்த கார்

‘டக்.’

பெற்றோல் அடிப்பவர் குழாயின் விசையை மறுபடி அழுத்தினார். கண் மூடித் திறப்பதற்குள் மறுபடியும் ‘டக்’. கல்முனைப் பிரதான வீதியில் உள்ள பெற்றோல் செட். பின்னேர அஸர் தொழுகை முடிந்து ஊர் முழுவதும் தெருவில் இறங்கியிருந்த நேரம். எனக்குப் பின்னால் ஒரு முச்சக்கர வண்டி, அதற்குப் பின்னால் ஐஸ் தண்ணீர் ஒழுகும் மீன் லொறி, அதற்கும் பின்னால் யார் யாரோ. எல்லோரும் எனக்காகவே ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“டாங்க் நிறைஞ்சிட்டு போல, டீச்சர்.”

“எங்க நிறைஞ்ச? முள்ளப் பாருங்க, அடியில கிடக்கு.”

அவர் எட்டிப் பார்த்தார். குழாய் முனையைச் சரித்துப் பிடித்தார், தலைகீழாகத் திருப்பினார், பாதி வெளியே இழுத்து மெல்லமாக விட்டுப் பார்த்தார். கார் குடிக்கவில்லை. குடித்த கொஞ்சத்தையும் என் அபாயாவின் கைப்பகுதியில் திருப்பித் துப்பியது. எங்கள் பம்பில் வேகம் கூடுதலாக இருக்கலாம், வேறு செட்டில் பாருங்கள் என்று அவர் நல்ல முறையிலேயே சொன்னார். நான்தான் கதவை அடித்துச் சாத்தினேன்.

மருதமுனைப் பக்கத்தில் இருக்கும் செட்டுக்கு விட்டேன். அங்கே பம்பு நத்தையாக ஓடும், ஊருக்கே தெரியும். அதிலும் ‘டக்’. ஆக, குற்றம் பம்பில் இல்லை, எங்கள் காரில்தான். உண்மையில் இது புதிய விஷயமும் இல்லை. நாட்டில் பெற்றோல் தட்டுப்பாடு வந்து எல்லோரும் வரிசையில் கிடந்த காலத்துக்குப் பிறகு இந்தக் கார் இப்படித்தான். பாடசாலை, சந்தை, ஆஸ்பத்திரி என்று ஊருக்குள் ஓடும் கார் என்பதால் அப்போதைக்கப்போது கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டு, அதன் குணம் அப்படி என்று விட்டுவிட்டோம். மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று ஒரு சத்தம் வரும். அதையும் குணத்தோடு சேர்த்துக்கொண்டோம்.

ஆனால் மறுநாள் அது கட்டுநாயக்கா விமான நிலையம் வரை போக வேண்டும். என் அக்கா வருகிறார், எங்கள் வழக்கில் ராத்தா.

இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. ராத்தா சவூதியில் ஒரு வீட்டில் வேலைக்குப் போனவர். அவர் அங்கே இருக்கும்போதே இங்கே அவருடைய கணவர் வேறு கலியாணம் முடித்துக்கொண்டார். பிள்ளைகளும் இல்லை. எல்லாம் ரெலிபோனிலேயே பேசி, ரெலிபோனிலேயே அறுந்துபோனது. அதற்குப் பிறகு இப்போதுதான் முதன்முறையாக ஊருக்கு வருகிறார்.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் வேன் பிடிப்பார்கள். வேன் நிறைய ஆள். சாச்சி, மாமி, அவர்களின் பிள்ளைகள், அடுத்த வீட்டார், கொழும்பைப் பார்க்காத ஒருவர், கொழும்பை நன்றாகத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வரும் ஒருவர். சோற்றுப் பார்சலும் வாந்திப் பையுமாகப் போய் விமான நிலைய வாசலில் இறங்குவார்கள். வருகிறவர் தள்ளுவண்டியோடு வெளியே வந்ததும் கட்டிப்பிடித்து அழுவார்கள். நல்ல வழக்கம்தான். நானும் அப்படிப் போயிருக்கிறேன், அழுதும் இருக்கிறேன்.

ராத்தா குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். “வேன் வேணாம் தங்கச்சி. நீயும் வாப்பாவும் மட்டும் வாங்க. எல்லாரும் சேந்து என்ட முகத்தப் பாக்கிறத என்னால தாங்க ஏலா.”

அவ்வளவுதான் கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் எங்களிடம் கேட்ட ஒரே விஷயம் அது. என் வீட்டுக்காரர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. வாப்பாவுக்குக் கண் மங்கியதால் காரை நான்தான் ஓட்டுவேன்.

இடையில் நின்றார் எங்கள் சாச்சா, வாப்பாவின் தம்பி. அன்பான மனுசன், அதுதான் கஷ்டமே. அவருக்குத் தெரிந்த வேன்காரர் ஒருவர் தயாராக இருந்தார். நான் இரண்டாவது செட்டிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போதே சாச்சா முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

“செட்டுக்குச் செட்டு நிண்டு மல்லுக்கட்டினியாமே. இந்தக் காரக் கொண்டா கண்டி மலையேறப் போறாய்? வழியில எண்ணெய் அடிக்க நிக்கிற இடத்திலெல்லாம் இதுதான் நடக்கும். புள்ள வந்து வாசல்ல தனிய நிப்பா. பொழுது சாயிற மஃரிப் வரைக்கும் பாக்கிறன். மறுகா வேனப் பேசிருவன்.”

“சாச்சா, ராத்தா வேணாமெண்டு சொன்னவ.”

“அவ சொல்லுவா. என்ட காக்காட மகள் வாறா, நாங்க போகாம?”

வாப்பாவைப் பார்த்தேன். சாரன் நெய்யும் எங்கள் தறிகள் இருக்கும் பக்கத்து அறையின் வாசலில் நின்றார். ஒரு வார்த்தை ஆதரவாகச் சொல்வார் என்று நினைத்தால், “அவன் சொல்றதும் சரிதானே மகள். புள்ள காத்து நிக்கப்படாது” என்றார். எனக்குக் கோபம் வந்தால் காது சுடும். இரண்டு காதும் சுட்டன. காரின் சாவியை மேசையில் எறிந்துவிட்டுக் குசினிக்குள் போனேன்.

உம்மா மறுநாளுக்கான வேலையில் மூழ்கியிருந்தார். ராத்தாவுக்குப் பிடித்த பலகாரம் சுட வேண்டும், தேங்காயெண்ணெய்க் கேனைத் தூக்கிப் போத்தலில் ஊற்றிக்கொண்டிருந்தார். போத்தலின் வாயில் புனல் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. எண்ணெய் கொஞ்சம் இறங்கியது, நின்றது, ‘குளுக்’ என்று ஒரு குமிழி மேலே வந்து உம்மாவின் கையில் தெறித்தது. உம்மா அதைச் சட்டை செய்யவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை முறித்து, கழுவி, புனலுக்கும் போத்தல் வாய்க்கும் இடையில் செருகினார். எண்ணெய் ஒரே ஓட்டமாக இறங்கியது.

உம்மா இதை ஆயிரம் தடவை செய்து நான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் பார்த்தேன்.

“காத்து!” என்று கத்தினேன். “உம்மா, காத்து!”

“யா அல்லாஹ், என்ன புள்ள, என்ன பிடிச்ச ஒனக்கு?”

“உள்ளுக்கு இருக்கிற காத்து வெளிய போக வழியில்ல உம்மா! அதுதான் எண்ணெய் இறங்குதில்ல!”

“அது எனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே ஈக்கு வெச்சன்.”

உம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு ஓடினேன். டாங்கும் ஒரு போத்தல்தான். உள்ளே பெற்றோல் போனால் அங்கிருக்கும் காற்று வெளியே போக வேண்டும். போக முடியாவிட்டால் பெற்றோல் குழாய் வாய் வரை பொங்கி நிற்கும், நிறைந்துவிட்டது என்று நினைத்துப் பம்பு தானாக நின்றுவிடும். ‘டக்’! அந்த ‘உஸ்’ சத்தமும் அதுதான். ஓட ஓடப் பெற்றோல் குறைகிறது, வெளிக்காற்று உள்ளே வர வழியில்லை, மூடியைத் திறந்ததும் மூச்சை இழுக்கிறது. அது காரின் குணமே அல்ல. எங்கேயோ மூச்சு அடைத்துக் கிடக்கிறது! எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவே இல்லை.

ஒரு பழைய பாயை எடுத்து முற்றத்தில், காரின் பின் சில்லுக்குப் பக்கத்தில் விரித்தேன். அபாயாவோடு மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் தலையை விட்டேன். மதிலுக்கு மேலால் அடுத்த வீட்டுத் தலைகள் வரிசையாக முளைத்தன. “டீச்சருக்கு என்ன?” என்று ஒரு குரல் கேட்டது. “எண்ணெய் தேடுறா” என்றார் சாச்சா.

வாப்பா ரோர்ச்சைப் பிடித்துக் குனிந்து நின்றார். வெளிச்சம் எனக்குத் தேவையான இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் விழுந்தது. பெற்றோல் போகும் தடித்த குழாய் தெரிந்தது. அதன் அருகில் டாங்கிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பி, கறுப்புப் பெட்டி ஒன்றுக்குள் போனது. பெட்டியின் மறுபக்கத்திலிருந்து இன்னொரு ரப்பர் குழாய் வந்து, சட்டத்தின் மேலே வளைந்து, வாயைத் திறந்தபடி தொங்க வேண்டும். தொங்கியது. வாய்தான் திறந்திருக்கவில்லை.

விரலை விட்டேன். கட்டியாக ஏதோ இருந்தது. குளவிக் கூடு என்று நினைத்தேன், இந்தப் பக்கத்தில் குளவிக்குக் கிடைத்த ஓட்டையெல்லாம் வீடுதான். நகத்தால் கிளறினேன். மண் உதிரவில்லை, மெழுகு உதிர்ந்தது. மெழுகுக்கு அடியில் ஒரு நுனி. பிடித்து இழுத்தேன். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ‘பொப்’ என்று ஒரு முடிச்சு கழன்று என் மூக்கில் விழுந்தது. எங்கோ உள்ளே கார் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது.

“கிடைச்சிட்டு! அல்ஹம்துலில்லாஹ், கிடைச்சிட்டு!”

மதிலுக்கு மேலே கைதட்டினார்கள். நான் எழுந்து உட்கார்ந்து கையில் இருந்ததைப் பார்த்தேன். நூல். ஊதாவும் பச்சையும் கலந்த நூல் கழிவு, எங்கள் தறியில் சாரன் நெய்து மிஞ்சும் அதே நூல். நன்றாக முறுக்கி, தறியில் அறுந்த இழையை முடிவார்களே, அந்த முடிச்சுப் போட்டு, மெழுகு பூசி அடைத்திருந்தது. எலி செய்த வேலை இல்லை. குளவிக்கு அந்த முடிச்சுத் தெரியாது.

எல்லோரும் வாப்பாவைப் பார்த்தோம்.

“அது நான் வெச்ச” என்றார் வாப்பா.

“வாப்பா!”

“அந்த வரிச நாளையில வெச்சன். கார் வெயிலுக்குள்ள கிழமைக் கணக்கில நிண்ட. அந்தக் குழாய் வாயில பெற்றோல் மணம் அடிச்ச. எண்ணெயெல்லாம் அதால ஆவியாப் போகுது எண்டு நினைச்சன். சும்மா போக விடவா? அடைச்சன்.” ரோர்ச்சை அணைத்துக்கொண்டே, “மறுகா எடுக்க மறந்து போச்சு” என்றார்.

சாச்சா கதிரையில் இருந்து விழும் அளவுக்குச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருடக் கணக்காக நான் பெற்றோல் செட்டுகளில் பட்ட மானக்கேடெல்லாம் நினைவுக்கு வந்தது. “கார் ஓடாமத்தானே வெயில்ல நிண்ட! எங்கேயும் போகாத காருக்கு எண்ணெயச் சேத்து வெச்சு என்ன செய்யப் போனீங்க வாப்பா?”

வாப்பா சாச்சாவின் சிரிப்பு அடங்கும் வரை நின்றார்.

“சவூதியில கொந்தராத்து முடிஞ்சு ராத்தா வாறன் எண்டு சொன்ன நேரம் அது. நான்தானே போன்ல சொன்னன், இப்ப வராத மகள், இஞ்ச பெற்றோல் இல்ல, கேஸ் இல்ல, கரண்ட் இல்ல, இன்னும் கொஞ்ச நாள் நில்லு எண்டு. சொல்லிப்போட்டுப் பயமாப் போச்சு. நான் சொன்னதக் கேக்காம அவ வந்து இறங்கினா? கூட்டி வரக் காருல எண்ணெய் இருக்க வேணாமா? ஒவ்வொரு வரிசையிலயும் நிண்டு நிண்டு டாங்க நிரப்பினன். அதான் அடைச்சு வெச்சன்.”

ராத்தா அப்போது வரவில்லை. வாப்பாவின் பேச்சைக் கேட்டு இன்னொரு கொந்தராத்துக்குக் கையெழுத்து வைத்தார். அந்தக் காலத்தில்தான் இங்கே அவருடைய கணவரின் மற்றக் கலியாணம் நடந்தது. இது முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். என் கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அந்த நூல் கட்டியை எறிய மனம் வராமல் பையில் போட்டுக்கொண்டேன்.

சாச்சாதான் முதலில் எழுந்தார். “சாவியக் கொண்டா. செட்டுக்குப் போவம். நானும் வாறன், பாக்கணும்.”

மறுபடி கல்முனைப் பெற்றோல் செட். அதே ஆள் என்னைக் கண்டதும் முகத்தை வேறு பக்கம் திருப்பினார். “ஒருக்கா அடிச்சுப் பாருங்க” என்றேன். குழாயை விட்டு விசையை அழுத்தினார். நான் மூச்சைப் பிடித்தேன். பம்பு ஓடியது. ஓடியது. இலக்கங்கள் உருண்டன. அவர் விசையைப் பூட்டிவிட்டுக் கையை எடுத்தே விட்டார், அப்போதும் ஓடியது! நான் சின்னப் பிள்ளை போலக் குதித்தேன், என் மாணவர் யாராவது பார்த்திருந்தால் பார்த்திருக்கட்டும். முள் உச்சிக்கு வந்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. ‘டக்.’ அதுவரை நான் கேட்ட சத்தங்களில் அது மிக இனிமையானது.

“என்ன டீச்சர் செஞ்சீங்க?”

“ஈக்கு வெச்சம்” என்றார், வழியில் உம்மாவின் ஈர்க்குக் கதையை என்னிடம் கேட்டிருந்த சாச்சா பெருமையாக, தானே காருக்கு அடியில் படுத்த மாதிரி. பிறகு ரெலிபோனை எடுத்து வேன்காரரிடம் பேசினார். “நாளைக்கு வேணாம் தம்பி. அவளும் காக்காவும் போறாங்க. அது போதும்.”

விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். மகியங்கனை வளைவுகளில் ஏறும்போது வாப்பா ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எனக்குக் கியர் சொல்லித் தந்தார். கண்ணே தெரியாத மனிதர்! சண்டை பிடித்துக்கொண்டே போனோம். விமானம் இறங்குவதற்கு வெகு நேரம் முன்பே வாசலில் போய் நின்றோம். சுற்றிலும் வேன் நிறைய ஆட்கள், நாங்கள் இரண்டு பேர்.

ராத்தா வெளியே வந்தார். மெலிந்திருந்தார். எங்களுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்தார். யாரும் இல்லை என்று கண்ட பிறகுதான் அழுதார். வாப்பா அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார், வேறொன்றும் செய்யத் தெரியவில்லை அவருக்கு.

கட்டுநாயக்காவை விட்டுக் கொஞ்சத் தூரம் வந்ததும் முள்ளைப் பார்த்தேன், நன்றாக இறங்கியிருந்தது. வழியில் தெரிந்த செட் ஒன்றுக்குள் காரைத் திருப்பினேன். பின் சீற்றில் இருந்த ராத்தா திடுக்கிட்டு முன்னால் சாய்ந்தார். வரிசைக் காலத்தில் ஒவ்வொரு தடவை ரெலிபோனில் பேசும்போதும் கேட்ட அதே குரலில் கேட்டார்.

“ஏன் வாப்பா, எண்ணெய் இல்லையா?”

வாப்பா திரும்பிப் பார்த்தார்.

“இருக்கு மகள். ஒனக்கெண்டு அப்பவே எடுத்து வெச்சிட்டன். இது சும்மா, மேலதிகத்துக்கு.”

வாப்பா இறங்கிப் போய் டாங்கின் மூடியைத் தானே திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார். பம்பு ஒரு தடவையும் நிற்காமல் ஓடியது.