கல்லறைத் தோட்டத்துக்கு வந்த வேப்பமரம்

எனக்கு வாய் நீளம். போத்தனூர்ல எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க. அந்த வாயால ஒரு நல்ல காரியத்தைக் கெடுத்துப்போட்டேன். ரெண்டு வருசமா யார்கிட்டயும் சொல்லாம உள்ளயே வெச்சு மருகிட்டிருந்ததை இப்பத்தான் எழுத மனசு வந்திருக்கு.

எங்களுக்குக் கொழந்தை இல்லை. என் வீட்டுக்காரர் ரயில்வேயில வேலை பார்த்தவரு. ஊட்டுக்கு முன்னாடி ரோட்டோரமா அவரு நட்ட வேப்பமரம் ஒண்ணுதான் அவரு பேரைச் சொல்றதுக்குன்னு மிச்சம் இருந்துச்சு. அவரு போய் ஆறு மாசங்கூட ஆகலை, ரோட்டை அகலப்படுத்தறோம்னு ஆளுங்க வந்து மரத்துல வெள்ளைப் பெயிண்டுல நம்பர் எழுதிட்டுப் போனாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. தேங்கா நாரை எடுத்துட்டுப் போய் அந்த நம்பரைத் தேய்ச்சுப் பார்த்தேன். பெயிண்டு போகுமா?

சேதி கேட்டு மொதல்ல வந்தவரு பாய்தான். என் வீட்டுக்காரர் கூட ரயில்வேயில வேலை பார்த்த சினேகிதரு. இவங்க ரெண்டு பேரும், சர்ச்சுத் தெரு டீச்சரம்மாவும் சேர்ந்து பல வருசத்துக்கு முன்னாலயே ஒரு ஞாயித்துக்கெழமைக் கூட்டம் ஆரம்பிச்சிருந்தாங்க. பள்ளிவாசல்ல வெடியாலத் தொழுகை முடிஞ்சிருக்கும், சர்ச்சுல ஆராதனை ஆரம்பிச்சிருக்காது, எங்க மாரியம்மன் கோயில்ல அப்பத்தான் நடை தொறந்திருப்பாங்க. நடுவுல கெடைக்கிற அந்த ரெண்டு மணி நேரம் மூணு எடத்து ஆளுங்களும் ஒட்டுக்கா எங்க ஊர்க் கொளத்துக்குப் போவாங்க. பிளாஸ்டிக் பொறுக்குவாங்க, ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில போடுவாங்க, கன்னு நடுவாங்க. முடிச்சுப்போட்டு எல்லாருக்கும் ஒரே போசியில டீ.

"கோயிலுக்குப் போறதை விட்டுப்போட்டுச் சாக்கடையில எறங்கறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதா?"ன்னு நான் அவரைக் கேலி பண்ணுவேன். "இதுவும் சாமி காரியந்தான் அம்மணி"ம்பாரு. அவரு போன பொறகு அவருக்குப் பதிலா நான் போக ஆரம்பிச்சேன்.

பாய் மரத்தைச் சுத்திச் சுத்தி வந்து பார்த்தாரு. "ஏனுங்க அம்மணி, அவங்க வெட்டறதுக்கு முன்னாடி நாம வேரோட பேத்து வேற எடத்துல நட்டுப்போடலாமுங்க"ன்னாரு.

எங்க நடறது? கோயிலைச் சுத்தி ஒரு அடி விடாம சிமெண்டு போட்டாச்சு. பள்ளிவாசலுக்குப் படி எறங்குனா ரோடு. எடம் இருந்தது சர்ச்சுக்காரங்களுக்குத்தான், அவங்க கல்லறைத் தோட்டத்து மூலையில. டீச்சரம்மா பாஸ்டர்கிட்டப் பேசி அனுமதி வாங்கிட்டு வந்து, "அக்கா, கல்லறைத் தோட்டம்னு மனசுக்கு ஒரு மாதிரியா இருந்தாச் சொல்லிருங்க"ன்னு தயங்குனாங்க. எனக்கென்ன ஒரு மாதிரி? அவரை எரிச்சாச்சு, சாம்பலை நொய்யல்ல கரைச்சாச்சு. வெசனம் வந்தாப் போய் நிக்கறதுக்கு எனக்குன்னு ஒரு எடம் கெடையாது. மத்தவங்களுக்கு அங்க ஆளுக்கொரு கல்லு இருக்குது, எனக்கு ஒரு மரம் இருந்துட்டுப் போகட்டும்னு சொன்னேன்.

கிளையெல்லாம் கழிச்சு, வெட்டுன வாயில சாணி பூசி, வேருக்கு ஈரச்சாக்கு சுத்தி, கிரேன்ல தூக்கிட்டுப் போனோம். நட்டு முடிச்சதும் எங்க கோயில் ஆளு ஒருத்தரு மஞ்சத்துணி கட்டணும்னு கெளம்பிட்டாரு. சர்ச்சுப் பெரியவரு மூஞ்சி சுருங்கிப் போச்சு. "மொதல்ல மரம் பொழைக்கட்டுமுங்க. அது எந்தச் சாமின்னு அப்புறமாச் சண்டை போட்டுக்கலாம்"னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அன்னிக்கு என் வாய் நல்லதுக்குத்தான் பேசுச்சு.

மரத்தை எடம் மாத்திக் குடுத்த ஆளு தெளிவாச் சொல்லிட்டுத்தான் போனாரு. இது களிமண்ணு, தண்ணி நிக்கும், வாரத்துல மூணு நாளுக்கு மேல ஊத்தாதீங்க, மத்த நாள் மண்ணு ஆறட்டும்னாரு. நாங்களும் மொறை போட்டுக்கிட்டோம். கோயிலுக்கு ஒரு நாளு, பள்ளிவாசலுக்கு ஒரு நாளு, சர்ச்சுக்கு ஒரு நாளு. நாப்பது நாள்ல மொட்டைக் கட்டையில செக்கச் செவேல்னு தளிரு வந்துச்சு. அட சாமி, பாயும் டீச்சரம்மாவும் நானும் சின்னப் புள்ளைங்களாட்டம் குதிக்காத கொறைதான்!

அந்தத் தளிரைப் பார்த்த மறுநாள்ல இருந்து நான் தெனமும் போனேன். யாருக்கும் தெரியாம, வெடியால ரெண்டு கொடம் தண்ணி.

ஏன்னு சொல்லிப்போடறேன். என் வீட்டுக்காரருக்குக் கிட்னி ரெண்டும் போயி டயாலிசிஸ்ல இருந்தாரு. தண்ணியை அளந்துதான் குடுக்கணும்னு டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாரு. அளந்தவ நான். "ஒரு வாய் குடு அம்மணி, தொண்டையெல்லாம் எரியுது"ம்பாரு. ஈரத்துணியை ஒதட்டுல ஒத்தி எடுப்பேன், அவ்வளவுதான். ஒரு நாளு ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிக்குப் போய்க் குழாயைத் தொறந்து கையில புடிச்சுக் குடிச்சுட்டாரு. அதுக்கு நான் போட்ட சத்தத்துல பக்கத்து ஊட்டுக்காரங்க எட்டிப் பார்த்தாங்க. அவரு தலையைக் குனிஞ்சுட்டு நின்னாரு. கடைசி நாளன்னிக்கும் கேட்டாரு. "நாளைக்கு டயாலிசிஸ் முடிஞ்சதும் தாரேன், பொறுங்க"ன்னு சொல்லிப்போட்டேன். அந்த நாளைக்கு வரவே இல்லை.

மரத்துக்கு எந்த டாக்டரும் அளவு சொல்லலையே. மரத்தை எடம் மாத்துன ஆளு சொன்னது காதுல விழுந்துச்சு, மனசுல ஏறலை. "குடிங்க, நல்லாக் குடிங்க"ன்னு சொல்லிச் சொல்லி ஊத்துவேன். கொடம் காலியானதும் நெஞ்சு கொஞ்சம் லேசாகும்.

அடுத்த சில மாசத்துல எலை மஞ்சளடிச்சுது. தாகம் எடுக்குதோன்னு பயந்து பொழுது சாயறப்பவும் ரெண்டு கொடம் கொண்டு போனேன். எலை கொட்டுச்சு. பட்டையைத் தொட்டா உரிஞ்சு கையோட வந்துச்சு. ஒரு ஞாயித்துக்கெழமை மூணு எடத்து ஆளுங்களும் கூடி நிக்க, எடம் மாத்திக் குடுத்த அதே ஆளைக் கூட்டிட்டு வந்தோம். மம்மட்டியால ஓரமாத் தோண்டுனாரு. கருப்புச் சேறு. அழுகுன முட்டையாட்டம் ஒரு நாத்தம்.

"இது காஞ்சு சாகலைங்க. வேரு அழுகிப் போச்சு. தெனமும் யாரோ ஊத்தியிருக்கீங்க. தண்ணி குடுத்தே கொன்னுபோட்டீங்க"ன்னாரு.

ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தாங்க. டீச்சரம்மா, எங்க சர்ச்சுப் பசங்க வேணா ஒரு நாளு சேத்து ஊத்தியிருப்பாங்களோன்னு இழுத்தாங்க. அந்த நேரத்துல நாந்தான்னு ஒத்துக்கிட்டிருக்கணும். ஆனா என் வாயில இருந்து வேற வந்துச்சு.

"உங்க ஆளுங்கதான் பாய். சொன்ன பேச்சை என்னைக்குக் கேட்டிருக்காங்க? உங்க ஆளுங்களே இப்படித்தான்."

பாயை முப்பது வருசமாத் தெரியும் எனக்கு. ஒரு நாளும் அப்படிப் பிரிச்சுப் பேசுனதில்லை. அதுவும் கலவரத்தைப் பார்த்த இந்த ஊர்ல அந்த வார்த்தைக்கு என்ன கனம்னு எனக்குத் தெரியாதா? சொல்லி முடிக்கறதுக்குள்ளயே நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. பள்ளிவாசல் பசங்க அஞ்சாறு பேரு கூடையும் மம்மட்டியுமா அங்கயே நின்னாங்க. பாய் குழியையே பார்த்துட்டு, "தப்பு எங்களுதுங்க, மன்னிச்சுக்குங்க"ன்னாரு. பசங்க கையைக் கழுவிட்டு அவரு கூடவே போயிட்டாங்க.

அடுத்த ஞாயித்துக்கெழமை பள்ளிவாசல்ல இருந்து ஒருத்தரும் வரலை. டீச்சரம்மா ரெண்டு தரம் போய்க் கூப்பிட்டாங்க. வேலை இருக்குதுங்கன்னு மரியாதையாச் சொல்லி அனுப்பிட்டாங்க. மரத்தை அறுத்து எடுத்தாச்சு. நான் பாயைச் சந்தையில பார்த்தா அக்கட்டால ஒதுங்கிப் போயிருவேன். இப்படியே ரெண்டு வருசம் ஓடிப்போச்சு.

போன மாசம் தாங்க முடியாம அவரு ஊட்டுக்கே போயிட்டேன். அவரு சம்சாரம் குடுத்த டீயைக் கையில வெச்சுட்டு, ஊத்துனது நாந்தான் பாய்னு சொல்லி அழுதுட்டேன்.

"தெரியுமுங்க அம்மணி"ன்னாரு.

"தெரியுமா?"

"ரெண்டாவது மாசமே நாங்க ஊத்தறதை நிறுத்திட்டமுங்க. எங்க மொறைக்கு வந்தா மண்ணு சொதசொதன்னு கெடக்கும். யாருன்னு பார்க்கலாம்னு ஒரு நாளு வெடியால நேரத்துலயே வந்தேன். நீங்க பேசிட்டே ஊத்திட்டிருந்தீங்க. தோட்டத்துக் கேட்டுப் பக்கத்துலயே நின்னுபோட்டுத் திரும்பிட்டேன்."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மரம் பொழைச்சிருக்குமே பாய்!"

"நீங்க அவனுக்குத் தண்ணி குடுத்துட்டிருந்தீங்க. அதை நான் எப்படிங்க வேண்டாம்பேன்?"

ஞாயித்துக்கெழமை பசங்களைக் கூட்டிட்டு வாங்க, எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கறேன்னு கெஞ்சுனேன்.

"நான் அன்னிக்கே மறந்துட்டேனுங்க. பசங்ககிட்டயும் பேசிப் பார்த்தேன். மரம் செத்ததுக்குத் திட்டு வாங்குனதை அவங்க பெருசா எடுத்துக்கலைங்க. உங்க ஆளுங்கன்னு சொன்னீங்க பாருங்க, அதைத்தான் விட மாட்டேங்கறாங்க. இப்ப கொளத்துக்கு எதிர்க்கரையில தனியாக் கன்னு நடறாங்க. நல்லாத்தான் பண்றாங்க."

அந்த ஞாயித்துக்கெழமை டீச்சரம்மாகிட்டச் சொல்லிட்டு எதிர்க்கரைக்கு நடந்தேன். பசங்க வரிசையாக் குழி தோண்டிட்டிருந்தாங்க. அஞ்சாறு பேரு இப்ப இருபது பேரு ஆயிருந்தாங்க. "கண்ணுங்களா, அன்னிக்குத் தப்பு உங்களுதில்லை. தண்ணி ஊத்திக் கொன்னது நாந்தான். பேசக் கூடாததைப் பேசுனதும் நாந்தான்"னு சொன்னேன்.

தோண்டறதை நிறுத்திட்டு எல்லாரும் கேட்டாங்க. அதுல ஒருத்தன் எங்க ஊட்டுத் திண்பண்டம் தின்னு வளர்ந்தவன், என்னைப் பெரியம்மா பெரியம்மான்னு சுத்தி வந்தவன். மம்மட்டியைக் கீழ வெச்சு, கையைத் தொடைச்சுட்டு, ரொம்ப மரியாதையாச் சொன்னான்.

"பரவாயில்லைங்க மேடம்."