கேள்விச் சுருட்டு

தமிழ்ச்செல்வியின் கையில் உருண்ட சுருட்டு பாதியில் அணைந்ததாகச் சரித்திரமே கிடையாது. கிள்ளைக்குத் தெற்கே, உப்பனாற்றை ஒட்டிய அந்த ஊரில் யாரை நிறுத்திக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். இத்தனைக்கும் அவள் ஒரு நாளும் சுருட்டை வாயில் வைத்தவள் இல்லை. புகை நாற்றமே அவளுக்கு ஆகாது. குடும்பத்து முனிக்கு ஆடி மாதம் படையல் போடும்போது சுருட்டு வைக்க வேண்டும். அந்தச் சுருட்டு கடையில் வாங்கியதாக இருக்கக் கூடாது, சொந்த மண்ணில் விளைந்து, வீட்டிலேயே பக்குவப்பட்டு, வீட்டு ஆள் கையால் உருண்டதாக இருக்க வேண்டும் என்பது முறை. மாமனாருக்குப் பிறகு அவள் புருஷன் இளவரசு அதைச் செய்தான். அவன் பைக்கில் போய் லாரியில் மாட்டிச் செத்த பிறகு அவள் செய்கிறாள்.

தாலியறுத்தவள் கையால் சாமிக்குச் சுருட்டா என்று பங்காளிகளில் ரெண்டு பேர் முனகினார்கள். இளவரசுவின் அண்ணன் கலியமூர்த்தி, சிதம்பரத்தில் உரக்கடை வைத்திருப்பவர், ஒரே பேச்சில் வாயை அடைத்தார். முனிக்கு வேண்டியது புகை, உங்களுக்குக் கை வலிக்காவிட்டால் நீங்களே வந்து இலை கிள்ளுங்கள் என்றார். ஒருத்தரும் வரவில்லை. புகையிலைத் தோட்டத்தில் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும், அதன் பிசின் கையில் ஏறினால் ஒரு வாரத்துக்குச் சோறு கசக்கும்.

கார்த்திகை மழை ஓய்ந்ததும் வீட்டுக்குப் பின்னால் நாற்று நடுவாள். பூ மொட்டு தலைகாட்டியதும் நுனியைக் கிள்ளி, பக்கத்தில் வெடிக்கிற சிம்புகளை ஒடித்து, செடியின் பலமெல்லாம் இலைக்குப் போகிற மாதிரி பார்த்துக்கொள்வாள். இலை மஞ்சள் தட்டியதும் அறுத்து வாடவிட்டு, மாடில்லாத மாட்டுக் கொட்டகையில் கயிறு கட்டித் தொங்கவிடுவாள். காய்ந்த இலையை வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் தொட வேண்டும். பனி ஈரத்தில் அது துணி மாதிரி துவளும். உச்சி வெயிலில் தொட்டால் அப்பளமாக நொறுங்கும். அப்புறம் அடுக்கிப் பட்டறை போட்டு, ஓலைப் பாயால் மூடிவிட்டால், உள்ளே சூடு கிளம்பும். கையை நுழைத்துப் பார்ப்பாள். சூடு தாங்கவில்லை என்றால் பிரித்து, உள்ளிருப்பதை வெளியே வைத்து மறுபடி அடுக்குவாள். மூக்கைக் குத்துகிற நெடி போய் வெல்லப்பாகு வாசனை வரும்வரை இந்த வேலை ஓயாது. இதில் பெரிய கஷ்டம் என்னவென்றால், அந்த இலையை யாரும் பற்றவைத்துப் பார்க்கக் கூடாது. சாமிக்கு முன்னால் மனுஷன் புகைத்தால் அது எச்சில். ஒட்டுவதற்குக்கூட எச்சில் தொடாமல் சோற்றுக் கஞ்சிதான் தடவ வேண்டும். ஆக, சுருட்டு நின்று எரியுமா என்பது முனிக்கு முன்னால் வைக்கும்போதுதான் தெரியும்.

அது எரிவது வெறும் படையலுக்காக மட்டும் இல்லை. படையலில் வைக்கும் சுருட்டுகளில் ஒன்றுக்குக் கேள்விச் சுருட்டு என்று பெயர். அதன் நடுவில் மஞ்சள் நூல் கட்டியிருக்கும். குடும்பத்துப் பெரியவர் முனியிடம் ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டு, சாம்பிராணிக் கனலில் அதைப் பற்றவைத்துச் சூலத்தின் இடுக்கில் செருகுவார். யாரும் ஊதக் கூடாது. தீ தானாக நடந்து வந்து நூலை அறுத்தால் முனி சரியென்றதாக அர்த்தம். வழியில் அணைந்தால் வேண்டாமென்றதாக அர்த்தம். நிலம் வாங்குவதிலிருந்து பெண் கொடுப்பதுவரை அந்தக் குடும்பத்தில் இப்படித்தான் முடிவாகும். முனி சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது.

இந்த ஆடியில் முனியிடம் போகப்போவது அவள் மகள் சத்யப்பிரியாவின் கல்யாணம்.

சத்யா அண்ணாமலை நகரில் நர்சிங் படித்து முடித்து, அங்கேயே ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். கலியமூர்த்தியின் மச்சான் ராஜமாணிக்கம் தன் மகன் ராஜ்கமலுக்கு அவளைக் கேட்டு வந்தார். பையன் கெட்டவன் இல்லை, முறையும்தான். ஆனால் அவன் போனில் சத்யாவிடம், கட்டிக்கொண்ட பிறகு ஊசி போடுகிற வேலையெல்லாம் வேண்டாம், வீட்டிலிருந்து தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டான். அன்றைக்கே அவள் அம்மாவுக்குப் போன் போட்டு அழுதாள்.

"என்னால முடியாதும்மா. நீ பெரியப்பாகிட்ட சொல்லு. நீ சொல்லலைன்னா வேற யாரும்மா சொல்லுவாங்க."

சொல்கிறேன் என்றாள் தமிழ்ச்செல்வி. சொன்னாளா? எங்கே சொன்னாள். ஒவ்வொரு முறை கலியமூர்த்தி எதிரே வரும்போதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரமாக நகர்ந்தாள். புருஷன் போன பிறகு இந்த வீட்டில் தனக்கென்று ஒரு இடம் இருக்கிறதென்றால் அது அவர் கொடுத்தது. சத்யாவைப் படிக்கவைத்தது அவர். அவருடைய மனைவி கலைமணி ஒரு நாளும் முகம் கோணியதில்லை. அப்படிப்பட்ட அக்காவின் அண்ணன் வந்து பெண் கேட்கும்போது எந்த வாயால் மாட்டேன் என்பது? ராஜமாணிக்கம் அவசரப்படுத்தினார். கலியமூர்த்தி யோசித்துப் பார்த்துவிட்டு, முனிகிட்ட கேட்டுடலாம் மச்சான் என்றார். அவ்வளவுதான், விஷயம் சுருட்டுக்குப் போய்விட்டது.

படையலுக்கு முன்னால் ரெண்டு தடவை அவர் கொட்டகைப் பக்கம் வந்தார். அவர் அங்கே வருகிற ஆளே இல்லை.

"எல பதமா வந்திருக்குல்லம்மா? இந்த வாட்டி நூல் அறுந்தே ஆவணும், பாத்துக்க" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். எப்படியும் கட்டிக் கொடுத்துவிடுவது என்று மனுஷன் முடிவே செய்துவிட்டார், முனியின் பெயரில் முத்திரை மட்டும்தான் பாக்கி என்று அவளுக்குத் தோன்றியது. அவர் மேல் முதல் முறையாக ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்த இடத்தில்தான் அந்த யோசனையும் வந்தது.

கொல்லையின் கடைசி வரிசைச் செடிகள் வாய்க்கால் ஓரம். கோடையில் கடல்தண்ணீர் ஆற்றில் எதிர்த்து ஏறும்போது அந்த வேர்களை உப்புத்தண்ணீர் நனைத்துவிடும். மற்ற வரிசைகளுக்கு அவள் குளத்திலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றுவாள். உப்பு குடித்த இலை பார்க்கப் பருமனாக, கறுப்பாக, அழகாகவே இருக்கும். ஆனால் காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துக்கொண்டு எப்போதும் சில்லென்றிருக்கும். தீ அதில் நிற்காது. கரியாகப் படிந்து செத்துவிடும். எப்போதும் அதைத் தனியாகப் பிரித்துக் குப்பையில் போடுகிறவள், இந்த முறை போடவில்லை. உள்ளே உப்பு இலையை நொறுக்கி வைத்து, மேலே நல்ல இலையைச் சுற்றி, கஞ்சி தடவி, மஞ்சள் நூலைக் கட்டினாள். சாமியை ஏமாற்றுகிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள், பிள்ளையை விட்டுவிடு என்று முனியிடம் மனசுக்குள் பேரம் பேசினாள்.

படையல் அன்று உச்சிப்பொழுது. வேப்பமரத்தடியில் முனி மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கறிக்குழம்பு, கருவாடு, முட்டை, சாராயம் எல்லாம் இலையில் இருந்தன. ராஜமாணிக்கம் வெள்ளை வேட்டியில் முன்வரிசையில் நின்றார், சம்பந்தி மிடுக்கு அப்போதே வந்திருந்தது. கலைமணி சிரித்த முகமாகத் தட்டைப் பிடித்திருந்தாள். தமிழ்ச்செல்வி எல்லாருக்கும் பின்னால் நின்றாள்.

கலியமூர்த்தி சூடம் காட்டிவிட்டுக் கேள்விச் சுருட்டைக் கையில் எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி முனியிடம் பேசினார்.

"முனியப்பா, எந்தம்பி மவ சத்யப்பிரியா. படிச்சி வேலைக்குப் போவுது. அத இப்பக் கட்டிக் குடுக்காம, அது வழியிலயே உட்டுடலாம்னா நூல அறு. இல்ல, ராஜ்கமலுக்குத்தான் குடுக்கணும்னா சுருட்ட அணைச்சிடு."

தமிழ்ச்செல்விக்குச் சரியாகத்தான் காதில் விழுந்ததா? பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். கல்யாணத்தைச் செய்யலாமா என்றுதான் யாரும் கேட்பார்கள். அந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் இப்படித் திருப்பிப் போட்டுக் கேட்டதில்லை. ராஜமாணிக்கமே திகைத்துப்போய் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் முனியிடம் கேட்டாகிவிட்டது. இனிமேல் வார்த்தையை மாற்ற முடியாது.

கனலில் நுனி சிவந்தது. மேலே சுற்றியிருந்தது நல்ல இலை என்பதால் கண் மூடித் திறப்பதற்குள் பற்றிக்கொண்டது. சூலத்தில் செருகிவிட்டுக் கலியமூர்த்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. மனுஷன் அத்தனை நிம்மதியாக நின்றார். அப்போதுதான் தமிழ்ச்செல்விக்கு எல்லாம் விளங்கியது. பெண்ணின் மனசு எப்படியோ அவருக்குத் தெரிந்திருக்கிறது. மச்சான் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. அதனால் முனியைச் சொல்லவைக்கப் பார்த்திருக்கிறார். அவள் கை சுருட்டிய சுருட்டு அணையாது என்கிற ஒரே நம்பிக்கையில் கேள்வியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அவள் கஞ்சி தடவி ஒட்டி நூல் கட்டி வைத்திருந்தாள்.

வெள்ளைச் சாம்பல் கொஞ்ச தூரம் வந்தது. அப்புறம் சாம்பல் கறுத்தது. உள்ளே உப்பு மெல்லப் பொரிகிற சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. முனியப்பா, நான் போட்ட உப்பை மறந்துவிடு, ஒரே ஒரு தடவை எரிந்துவிடு என்று வேண்டினாள். கடற்காற்று ஒன்று வந்து நுனியைச் சிவக்கவைத்தது. நிமிர்ந்து பார்த்தாள். காற்று போனதும் மறுபடி மங்கியது. நூலுக்கு இன்னும் ரெண்டு விரல் இருந்தது. கலியமூர்த்தியின் புருவம் முதல் முறையாகச் சுருங்கியது. கட்டிய கைகள் அவிழ்ந்தன. அவர் கூட்டத்தில் அவளைத் தேடினார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, புரியாத பயம்தான் இருந்தது. அதை அவளால் தாங்க முடியவில்லை.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வேப்பமரத்தடியில் ஆண்களுக்கு முன்னால் அவள் வந்து நின்றதில்லை.

"மாமா, அத எடுத்துடுங்க. அது உப்பு எல. அணையட்டும்னு நாந்தான் வச்சேன்."

யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவள் கலியமூர்த்தியைப் பார்ப்பதை விட்டுவிட்டு ராஜமாணிக்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"எம்பொண்ணுக்கு இதுல இஷ்டம் இல்லண்ணே. அது வேலைக்குப் போவணுங்குது. எனக்கும் இஷ்டமில்ல. இத நான் அன்னிக்கே ஒங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

ராஜமாணிக்கம் அவளிடம் பேசவில்லை. என்ன மச்சான் இதெல்லாம் என்று கலியமூர்த்தியைக் கேட்டார். கலியமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சூலத்திலிருந்து அந்தச் சுருட்டை எடுத்துவிட்டார்.

"அது சொல்றதுதான் மச்சான். எனக்குந் தெரியும்" என்றார்.

ராஜமாணிக்கம் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். இலை போட்ட இடத்தில் சாப்பிடாமல் போகிற அண்ணனைப் பார்த்துக் கலைமணி தட்டைக் கீழே வைத்துவிட்டு ரோடுவரைக்கும் ஓடினாள். அவர் நிற்கவில்லை. திரும்பி வந்தவள் தமிழ்ச்செல்வியைத் தாண்டிப் போனாள், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அது வலித்தது. அந்த அக்கா இனி எப்போது பேசுவாள், பேசுவாளா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கலியமூர்த்தி கடைசியில் அவள் பக்கம் வந்தார். சாமிக்கே உப்பு வைத்தவளை அடித்துவிடுவார் என்றுதான் சுற்றி நின்றவர்கள் எதிர்பார்த்தார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல செல்வி."

"நீங்களும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல மாமா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பங்காளிகளைப் பார்த்து, முனிக்குப் பரிகாரம் என்னவோ அதை நானும் அவளும் சேர்ந்தே செய்துகொள்கிறோம், இப்போது சாப்பிட உட்காருங்கள் என்றார்.

டியூட்டி முடிந்ததும் சத்யாவிடமிருந்து போன் வந்தது. தமிழ்ச்செல்வி கொல்லைப் பக்கம் போய் எடுத்தாள். பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. ஹாஸ்டல் படியில் நின்றுகொண்டே பேசினாள் போலிருக்கிறது. முனி என்னம்மா சொல்லிச்சு என்று கேட்டாள்.

"வேணாம்னு ஆயிடுச்சி. நீ வேலைக்குப் போ."

"நெஜமாவா? முனியே வேணாம்னுடுச்சா?"

"முனி ஒண்ணும் சொல்லலடி" என்றாள் தமிழ்ச்செல்வி. "நாந்தான் சொன்னேன்."